ஒரு பக்கெட் தண்ணியில ஒரு கார்: குன்னூர்ல ரெண்டு வருஷமா ஆப்டிமம் நோ ரின்ஸ் போட்டு வேலை பாத்த அனுபவம்

நான் குன்னூர்ல வீடு வீடா போய் கார் கழுவி, உள்ள வெளிய டீடெய்லிங், அதாவது மூலை முடுக்கெல்லாம் சுத்தம் பண்ற வேலை, பண்ணி குடுக்கிறேங்க. கடை எதுவும் இல்ல, ஒரு பழைய ஆம்னி வேன், அதுக்குள்ள தான் எல்லா சாமானும். இந்த ரிவ்யூ ஆப்டிமம் நோ ரின்ஸ்னு ஒரு ரின்ஸ்லெஸ் வாஷ் பத்தி, அதாவது கழுவுனதுக்கப்புறம் தண்ணி ஊத்தி அலச வேண்டாத கார் வாஷ். ரெண்டு வருஷமா வாரத்துல ஆறு நாள் இதைத்தான் யூஸ் பண்றேன். மலையில இந்த தொழில் பண்றவங்க, இல்ல பண்ணலாமான்னு யோசிக்கிறவங்க முழுசா படிங்க, ஏன்னா சமவெளியில இருக்கிறவங்க போடுற ரிவ்யூல நம்ம ஊரு கஷ்டம் எதுவும் வராது.

இது கைக்கு வர்றதுக்கு முன்னாடி, தொழிலோட முதல் வருஷம் நான் எப்படி வேலை பாத்தேன்னு சொல்லிடுறேன், அப்பதான் இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். ஆம்னி பின்னாடி 200 லிட்டர் டேங்க், பிரஷர் வாஷர், அதுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர். 200 லிட்டர் தண்ணின்னா 200 கிலோ, அதை 796 சிசி இன்ஜின் வச்சு குன்னூர்ல இருந்து கோத்தகிரிக்கு இழுத்துட்டு போகணும். ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல கூட திணறும், அதை விட கொடுமை டேங்க் பாதி காலியானதுக்கப்புறம் தான், வளைவுல திருப்பும்போது உள்ள தண்ணி ஒரு பக்கமா போய் அடிக்கும், வண்டியே ஒரு தள்ளு தள்ளும், கைல ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறவனுக்கு தான் அந்த பயம் தெரியும். அந்த டேங்க் தண்ணி ரெண்டு காருக்கு கூட சரியா வராது. தீந்துச்சுன்னா எங்க போய் நிரப்புறது?

குன்னூர்காரங்களுக்கு தண்ணி பத்தி நான் சொல்லித்தர வேண்டியதில்ல. ரேலியா அணையை ரொம்ப நம்பியிருக்கிற ஊரு, மார்ச் முடிஞ்சு ஏப்ரல் வந்தா குழாய்ல எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி வரும்னு வீட்ல காலண்டர் பாத்து எண்ணுவாங்க. அந்த நேரத்துல ஒரு வீட்டு வாசல்ல நின்னுகிட்டு அக்கா கொஞ்சம் தண்ணி விடுவீங்களா கார் கழுவனும்னு கேக்க எனக்கு வாய் வராது. கேட்டா குடுப்பாங்க, மலைக்காரங்க இல்லைன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா வாசல்ல இருக்கிற டிரம்மை ஒரு தடவை திரும்பி பாப்பாங்க பாருங்க, அந்த பார்வை போதும். ஒரு தடவை அப்படி வாங்கின தண்ணியில காரை கழுவிட்டு, அது அப்படியே வாசல்ல சிவப்பா ஓடி ஓடைக்கு போறதை பாத்துட்டு நின்னேன், மனசே சரியில்ல அன்னைக்கு.

நேரமும் அப்படித்தான் போச்சு. காரை கழுவுற நேரத்தை விட ஹோஸ் பிரிக்கிறது, ஜெனரேட்டர் இறக்கி ஸ்டார்ட் பண்றது, முடிஞ்சதும் ஈர ஹோஸை சுத்தி மறுபடி ஏத்துறது, இதுக்கே ஒரு காருக்கு முப்பது நாப்பது நிமிஷம் போயிரும். ஹோம்ஸ்டே நடத்துறவங்க ஜெனரேட்டர் சத்தம் கேட்டா காலையில கெஸ்ட் எந்திரிச்சிருவாங்க தம்பின்னு பத்து மணிக்கு மேல வர சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கார், ரொம்ப முக்கினா மூணு. பெட்ரோல் காசு போக கைல நின்னது என்னன்னு எனக்கு தான் தெரியும்.

கோயம்புத்தூர்ல டீடெய்லிங் ஷாப் வச்சிருக்கிற என் ஃப்ரெண்டு ஒருத்தன் தான் ஒரு சின்ன பாட்டில்ல நீல கலர்ல கொஞ்சம் ஊத்தி குடுத்து டேய் இதை வச்சு ஒரு வாரம் பண்ணி பாருடான்னான். அமெரிக்க தயாரிப்பு. இதுல இருக்கிற பாலிமர் அழுக்குத் துகளை சுத்திப் பிடிச்சு வச்சுக்கும், பெயின்டுக்கும் துணிக்கும் நடுவுல வழவழப்பு குடுக்கும், அதனால அழுக்கு பெயின்டை உரசாம துணியோட வந்துரும், இதான் இதோட சூட்சுமம். சோப்பு மாதிரி மிச்சம் நிக்காததால அலசத் தேவையில்ல.

அளவு 1க்கு 256, அதாவது ஒரு பங்கு வாஷுக்கு 256 பங்கு தண்ணி. கணக்கு போட்டு குழம்ப வேண்டாம், 10 லிட்டர் பக்கெட்டுக்கு 40 மில்லி, அவ்வளவு தான். 946 மில்லி பாட்டில்ல 23 பக்கெட் வரும். ஒரு பக்கெட்ல ஒரு கார் தாராளமா முடியும். ஆல்டோ, வேகன் ஆர் மாதிரி சின்ன வண்டி லேசான தூசியோட மட்டும் இருந்தா ரெண்டு கூட முடிச்சிருக்கேன். பாட்டில் வாங்கும்போது விலை அதிகமா தெரியும், ஆனா ஒரு காருக்கு எவ்வளவு ஆகுதுன்னு பிரிச்சு பாத்தா நான் ஜெனரேட்டருக்கு ஊத்தின பெட்ரோலை விட கம்மி. நிறைய பேரு பண்ற தப்பு என்னன்னா, அழுக்கு ஜாஸ்தி இருக்குன்னு 100 மில்லி ஊத்துறது. அப்படி ஊத்துனா கண்ணாடியில கோடு கோடா விழும், தொடைச்சு தொடைச்சு கை வலிக்கும். மூடியில அளந்து ஊத்துங்க, கண்ணளவு வேண்டாம்.

வேலை முறை இப்படி. பக்கெட்ல கரைசல் கலந்து அதுல எட்டு ஒன்பது மைக்ரோஃபைபர் துணியை மொத்தமா ஊற வச்சிருவேன். கைல ஒரு சின்ன பம்ப் ஸ்பிரேயர், அதுலயும் இதே கரைசல். ஒரு பக்கம் முழுக்க ஸ்பிரே பண்ணி ஒன்றரை ரெண்டு நிமிஷம் விடணும், இந்த ரெண்டு நிமிஷத்தை யாரும் மிச்சம் பிடிக்காதீங்க. அழுக்கு இளகுறது அப்பதான். அப்புறம் துணியை லேசா பிழிஞ்சு நாலா மடிச்சா எட்டு பக்கம் கிடைக்கும், கூரையில இருந்து ஆரம்பிச்சு ஒரே திசையில நேர் கோடா ஒரு இழுப்பு, அடுத்த பக்கம் திருப்பு, இன்னொரு இழுப்பு. வட்டமா தேய்க்கவே கூடாது, அழுத்தவும் கூடாது, துணியோட வெயிட்டே போதும். எட்டு பக்கமும் அழுக்காயிட்டா அந்த துணி அழுக்கு டிரம்முக்கு போயிரும், திரும்ப பக்கெட்டுக்குள்ள வரவே வராது. இந்த ஒரு விஷயத்துல தான் முழு வேலையும் நிக்குது, அழுக்கு துணி பக்கெட்ல முக்காததால கடைசி வரைக்கும் கரைசல் சுத்தமா இருக்கும், பக்கெட் மாத்த வேண்டாம், தண்ணி தேடி போக வேண்டாம். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவு மேல் பாதி, கடைசியா கதவு கீழ் பாதியும் பம்பரும். பின்னாடியே காஞ்ச துணியால ஒத்தி எடுத்துட்டு வந்துருவேன். ஸ்விஃப்ட் சைஸ் வண்டிக்கு வெளிய மட்டும்னா 45 நிமிஷம், எடுத்து வைக்கிற நேரமும் சேத்து.

நம்ம குளிருக்கு இதுல ஒரு வசதி இருக்கு. கீழ ஊர்ல வெயில்ல ஸ்பிரே பண்ணினா காஞ்சிரும்னு ஒவ்வொரு கதவா பண்ணுவாங்க, இங்க மூடுபனி இருக்கிற நாள்ல ஒரு பக்கம் முழுக்க அடிச்சுட்டு நிதானமா தொடைக்கலாம். ஆனா வெயில் அடிக்கிற நாள்ல பதினோரு மணிக்கு மேல நம்ம மலை வெயில் சுள்ளுனு இருக்கும், கருப்பு வண்டி பானெட்டை தொட்டு பாத்தா தெரியும், அந்த நேரத்துல நிழலுக்கு வண்டியை தள்ளிட்டு பண்ணுங்க. டிசம்பர் ஜனவரியில தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி கிடக்கும், அங்க ஒம்போதரைக்கு முன்னாடி வேலை ஒத்துக்க மாட்டேன். கண்ணாடியில பனி உறைஞ்சிருக்குன்னு சுடுதண்ணி ஊத்துறவங்களை பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம், கண்ணாடி விரிசல் விட்டுரும்.

கஸ்டமர் நம்புறது தான் ஆரம்பத்துல பெரிய பாடு. நுரை வரணும் நம்மாளுங்களுக்கு, நுரை இல்லாட்டி கழுவுன மாதிரியே இல்ல. வெலிங்டன்ல ரிட்டயர்டு மிலிட்டரி ஐயா ஒருத்தர், வெள்ளை கலர் பழைய ஹோண்டா சிட்டி, மகன் மாதிரி பாத்துக்கிற வண்டி. நான் ஸ்பிரே பண்றதை பின்னாடி கைய கட்டிகிட்டு பாத்துட்டே நின்னாரு.

"என்ன தம்பி, நுரையே காணோம், சும்மா தண்ணியை தொட்டு துடைக்கிறியா? கீறல் விழுந்துச்சு, நான் சும்மா விட மாட்டேன்."

"ஐயா, கூரை மட்டும் முடிச்சுக்கிறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. பிடிக்கலைன்னா காசே வேண்டாம்."

கூரை முடிச்சுட்டு துணியை விரிச்சு காமிச்சேன். வெள்ளை துணி, ஒவ்வொரு மடிப்புலயும் ஒரு கருப்பு கோடு, அவங்க வீட்டுக்கு கொஞ்சம் தள்ளி டீ ஃபேக்டரி இருக்கு, அந்த புகைக் கரி. அப்புறம் ரொட்டி பாக்கெட் கவர் ஒண்ணை குடுத்து ஐயா இதுக்குள்ள கைய விட்டு கழுவாத பானெட்டை தடவி பாருங்க, அப்புறம் கூரையை தடவி பாருங்கன்னேன். கவர் போட்டு தடவினா சொரசொரப்பு கைக்கு நல்லா தெரியும், வெறும் கைல தெரியாது. தடவி பாத்துட்டு எதுவும் பேசல, உள்ள போய் டீ கொண்டு வந்தாரு. இன்னைக்கு வரைக்கும் மாசம் ரெண்டு தடவை அவர் வண்டி என்கிட்ட தான்.

இப்ப இது எங்க ஒத்து வராதுன்னு சொல்லணும், இதை சொல்லாம விட்டா நான் எழுதுறதுக்கு அர்த்தமே இல்ல. சேறு. ஜூன் பிறந்து தென்மேற்கு மழை பிடிச்சுட்டா எஸ்டேட் ரோட்ல ஓடுற வண்டி எப்படி இருக்கும்னு தெரியும்ல, மட்கார்டு உள்ள, கதவுக்கு கீழ எல்லாம் செம்மண் அப்பிக்கிட்டு இருக்கும். முதல் மழை சீசன்ல கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் வீட்ல கருப்பு ஸ்கார்பியோ, காஞ்ச சேறு, நான் பம்ப்ல ரெண்டு சுத்து அடிச்சுட்டு துணியை போட்டு இழுத்துட்டேன். ஈரத்துல ஒண்ணும் தெரியல. காஞ்சு வெயில் பட்டதும் ரெண்டு கதவுலயும் மெல்லிசா கீறல், சிலந்தி வலை மாதிரி. வண்டிக்காரர் பாக்கிறதுக்கு முன்னாடி நானே கூப்பிட்டு காமிச்சேன், என் தப்புங்கன்னேன், மறுநாள் பாலிஷர் கொண்டு போய் மூணு மணி நேரம் உக்காந்து சரி பண்ணி குடுத்தேன். அது ப்ராடக்ட் தப்பு இல்ல, எந்த ரின்ஸ்லெஸ் வாஷ்லயும் மண்ணு மேல துணி போட்டா இது தான் நடக்கும்.

அதுக்கப்புறம் நான் வச்சிருக்கிற கணக்கு: விரலை வச்சு பாத்து தூசி மட்டும்னா நேரா ரின்ஸ்லெஸ். லேசா சேறு தெறிச்சிருந்தா முதல்ல வெறும் தண்ணி. இதுக்கு உரக்கடையில தோட்டத்துக்கு மருந்தடிக்க விக்கிற அஞ்சு லிட்டர் ஹேண்ட் பம்ப் ஒண்ணு புதுசா வாங்கி வச்சிருக்கேன், புதுசுன்னு அழுத்தி சொல்றேன், மருந்தடிச்ச பழைய பம்ப்பை காருக்கு கொண்டு வராதீங்க. கீழ் பாதியை மட்டும் அதால அடிச்சு இறக்கிட்டு, மண்ணு போயிருச்சான்னு பாத்துட்டு அப்புறம் துணி. கட்டி கட்டியா அப்பியிருந்தா நான் தொடவே மாட்டேன், முதல்ல சர்வீஸ் ஸ்டேஷன்ல ஒரு வாட்டர் வாஷ் போட்டுட்டு வாங்க, நாளைக்கு நான் வரேன்னு சொல்லிடுவேன். அந்த வேலை போனாலும் பரவால்ல.

வீலுக்கு தனி பக்கெட், தனி துணி, பெயின்டுக்கு யூஸ் பண்றது அங்க போகவே கூடாது. நம்ம மலை இறங்குற வண்டிங்க, முக்கியமா வெளியூர் வண்டிங்க, கியர் குறைக்காம பிரேக்கையே மிதிச்சுட்டு வருவாங்க, அலாய் வீல் பூரா பிரேக் தூள் ஒட்டி பழுப்பா ஆயிரும். அது இரும்புத் தூள், ரின்ஸ்லெஸ் வாஷுக்கு மசியாது, அதுக்கு அயர்ன் ரிமூவர் தனியா வேணும், அடிச்ச உடனே ஊதா கலரா வழியும், முட்டை அழுகின மாதிரி நாத்தம் அடிக்கும், வாசல்ல திறந்த இடத்துல வச்சு பண்ணுங்க, அதை மட்டும் நல்லா அலசியே ஆகணும். மலை ஏறி இறங்கி வந்து நின்ன உடனே வீல்ல எதையும் அடிக்காதீங்க. பிரேக் டிஸ்க் கொதிச்சிட்டு இருக்கும், குளிர்ந்த தண்ணி பட்டா வளைஞ்சுக்கும், கெமிக்கல் அலாய் மேலயே காஞ்சு கறை பிடிக்கும். நான் எப்பவும் உள்பக்க வேலையை முதல்ல முடிச்சுட்டு வீலுக்கு கடைசியா வருவேன், அதுக்குள்ள ஆறியிருக்கும்.

கற்பூர மரத்துக்கு (யூகலிப்டஸ்) கீழயும் பைன் மரத்துக்கு கீழயும் நிக்கிற வண்டியில பிசின் சொட்டு இருக்கும், ஏப்ரல் மே மாசத்துல ஜகரண்டா பூ விழுந்து நசுங்கி ஒட்டியிருக்கும். பூவை ஈரத்துணி போட்டு ஊற விட்டா வந்துரும். பிசினுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தான். க்ளே, அதாவது பெயின்ட்ல ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்கிற களிமண் கட்டி, போட வேண்டியிருந்தா இதே நோ ரின்ஸை 1க்கு 64 கலந்தா வழுக்கல் கிடைக்கும், 1க்கு 16 கலந்தா கடைசியா மேல அடிச்சு தொடைக்கிற க்விக் டீடெய்லர். டேஷ்போர்டு, கதவு உள்பக்கம் தொடைக்க பக்கெட் கரைசலே போதும். முன்ன ஆறேழு பாட்டில் வச்சிருந்தேன், இப்ப மூணு தான், தேடுற நேரம் மிச்சம். மழைக்காலத்துல சீட் பெல்ட்லயும் சீட் அடியிலயும் பூக்கிற பூஞ்சைக்கு மட்டும் இது ஆகாது, அதுக்கு வேற கிளீனர், அப்புறம் நல்லா காய வைக்கணும், அது தனிக் கதை.

துணி. இந்த முறையில உண்மையான செலவும் வேலையும் துணியில தான் இருக்கு, இதை எந்த ரிவ்யூலயும் யாரும் சொல்லல. ஒரு காருக்கு எட்டு, நாலு காருக்கு முப்பத்திரெண்டு, காய வைக்கிற துணி வேற. ராத்திரி வந்து எல்லாத்தையும் லிக்விட் சோப்புல துவைக்கணும், கம்ஃபர்ட் மாதிரி வாசனைக்கு போடுறது எதுவும் போடக்கூடாது, போட்டா நார் அடைச்சுக்கிட்டு தண்ணி உறிஞ்சாது. கீழ விழுந்த துணியை வீலுக்கு ஒதுக்கிடணும், ஒரே ஒரு மண்ணு போதும் ஒரு கதவை கெடுக்க. துவைச்சிரலாம், ஜூலை மாசம் எங்க காய போடுறது சொல்லுங்க? அஞ்சு நாள் வெயிலே வராது, கொடியில போட்ட துணி போட்ட ஈரத்தோடவே இருக்கும், முடை நாத்தம் வந்துரும். ரெண்டு நாள் ஈரத் துணியால தான் காரை ஒத்தி எடுத்தேன், கண்ணாடி பூரா திட்டு. எங்க லைன்ல ஒரு அக்கா வீட்ல வர்க்கி பிஸ்கட் போடுறாங்க, விறகு அடுப்பு, அந்த அடுப்போட பின் சுவர் எங்க சந்துப் பக்கம் வரும், ராத்திரி முழுக்க சூடா இருக்கும். அவங்ககிட்ட கேட்டு அந்த சுவர் ஓரமா ரெண்டு கயிறு கட்டியிருக்கேன். காலையில எடுக்கும்போது துணி மொறுமொறுன்னு காஞ்சிருக்கும், லேசா வர்க்கி வாசம் கூட இருக்கும். அவங்க வீட்டு ஆம்னியை மாசாமாசம் நான் கழுவி குடுத்துடுறேன். இந்த வசதி இல்லாதவங்க மழைக்காலத்துக்குன்னு இன்னொரு செட் துணி வாங்கி வைங்க, ரெண்டு மடங்கு.

பக்கெட்ல மிஞ்சுற தண்ணி ரெண்டு மூணு லிட்டர் தான். அதை செடியிலயோ ஓடையிலயோ ஊத்த மாட்டேன், வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு பாத்ரூம்ல ஊத்திருவேன். ஊட்டியில கோடப்பமந்து கால்வாய் எப்படி இருக்கு, அது எங்க போய் சேருது, ஏரிக்கு தானே, நாம பாத்துட்டு தானே இருக்கோம்.

தண்ணி பாரம் இல்லைன்னு ஆனதும் நாள் கணக்கே மாறிருச்சு. இப்ப ரெண்டு 20 லிட்டர் கேன், துணி டிரம் ரெண்டு, ஸ்பிரேயர், வேக்யூம், அவ்வளவு தான் வண்டியில. ஒரு நாள் ஒரு ஏரியான்னு பிரிச்சுட்டேன், வெலிங்டன் அருவங்காடு ஒரு நாள், கேத்தி லவ்டேல் ஒரு நாள், கோத்தகிரிக்கு புதன்கிழமை மட்டும். சீசன்ல சனி ஞாயிறு ஊட்டி ரோட்டுக்கே ஏறுறதில்ல, 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தும் மலர் கண்காட்சி சமயத்துல சேரிங் கிராஸை தாண்டுறதுக்குள்ள ஒரு காரை முடிச்சிரலாம், அந்த நாள்ல குன்னூருக்குள்ளயே நடந்து போற தூரத்துல வேலை வச்சுக்குவேன், பக்கெட்டும் துணியும் தானே, ஒரே அபார்ட்மென்ட்ல மூணு வண்டி முடிச்சதெல்லாம் உண்டு. கோத்தகிரியில சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வேலை கிடையாது, கரடியும் காட்டெருமையும் வர்ற நேரம், எந்த காரும் அதுக்கு ஈடு இல்ல. இப்ப சராசரியா ஒரு நாளைக்கு நாலு வண்டி, நிதானமா, மதியம் உக்காந்து சாப்பிட்டுட்டு.

வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை அவசரத்துக்கு ஆன்லைன்ல முன்ன பின்ன தெரியாத ஒரு செல்லர்கிட்ட விலை கம்மியா இருக்குன்னு வாங்கினேன், லேபிள் அச்சு அசலா இருந்துச்சு, உள்ள தண்ணி மாதிரி, வழுக்கலே இல்ல, ரெண்டு விரல் நடுவுல தேய்ச்சு பாத்தா தெரிஞ்சிருச்சு, தூக்கி போட்டுட்டேன். டீடெய்லிங் சாமான் விக்கிற நம்பிக்கையான கடையில பில்லோட வாங்குங்க. பெரிய பாட்டில் கட்டுபடியாகும், ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்க சின்னது வாங்கி சொந்த வண்டியில ஒரு மாசம் பழகிட்டு கஸ்டமர் வண்டியை தொடுங்க.

என் மார்க் அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் கழிச்சது அந்த சேறு விஷயத்துக்கு. பனி மாசத்துல மட்டும் பாட்டிலை ராத்திரி ஆம்னியில விடாம வீட்டுக்குள்ள எடுத்து வச்சுக்கிறேன், உறைஞ்சு போகக்கூடாதுன்னு, சமையல்கட்டு மேல் ஷெல்ஃப்ல, குழந்தைங்க கைக்கு எட்டாம.